மரபுக் கணிப்பும் மலையக மக்களும்

மனநோயை வருமுன் அறிதல் இயலுமோ என்பது மாந்தர் நெடுங்காலமாக எழுப்பிவந்த வினா. முன்னோர் நாளையும் கோளையும் நோக்கி விடை தேடினர். இக்கால விஞ்ஞானிகள் பரம்பரையலகுகளை நோக்கித் தேடுகின்றனர். உளச்சிதைவு நோய்பற்றிய அம்முயற்சி நம் மலையக மக்களுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் அம்முயற்சியின் சிறப்பை ஒப்புக்கொள்ளல் முறை. உளச்சிதைவு நோய் நூற்றுவருள் ஏறக்குறைய ஒருவரை வாழ்நாளிற் பற்றுவது. பெற்றோருள் ஒருவர் நோயுற்றவராயின், பிள்ளைக்கு அது வரும் வாய்ப்புப் பத்தில் ஒன்றளவாக உயரும். ஆயினும், ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவர் நோயுற்றவிடத்தும் மற்றவர் நோயின்றி வாழ்தல் பெரிதும் உண்டு. தோட்டத்தார்க்கு இது வியப்பன்று. ஒரே தாய்ச்செடியின் கிளையிலிருந்து உண்டான வீ.பி. தேயிலையும் தலவாக்கலையில் ஒருவாறும் தாழ்நிலத்தில் வேறொருவாறும் விளைகின்றதன்றோ?

பரம்பரையின் பங்கும் ஓரலகில் அடங்குவதன்று. 2022 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, நோயாளர் 76,755 பேரையும் பிறர் 243,649 பேரையும் ஒப்பிட்டு, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை நிறமூர்த்தங்களிற் கண்டது. இத்தகைய சிறு மாறுபாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டிப் பெறுவதே பரம்பரை இடர் மதிப்பெண். அரும்பெரும் உழைப்பின் பயன் அது. எனினும், நோய்ச்சார்பில் மக்களிடையே காணும் வேற்றுமையில் நூற்றுக்கு ஏழு பங்கையே அம்மதிப்பெண் விளக்குகின்றது. உயர்ந்த மதிப்பெண் உடையாருள்ளும் பெரும்பான்மையோர் நோயுறுவதில்லை.

இனிக் குறையை நோக்குவாம். ஆய்வாளர் அளப்பது பெரும்பாலும் நோய்க்குக் காரணமான மாறுபாட்டையன்று. அதனோடு சேர்ந்து வரும் அடையாளத்தையே. ஒரு மக்கட்கூட்டத்திற் காரணத்தோடு ஒட்டிவரும் அடையாளம், வேறு வரலாறுடைய கூட்டத்தில் ஒட்டாது போகலாம். பிறந்த ஊரின் உதயம் அறியாது சாதகம் கணிப்பார் இல்லை. இலண்டன் உதயத்தைக் கொண்டு அட்டனிற் பிறந்த குழந்தைக்கு இலக்கினம் குறித்தால் அக்கணிப்பு என்னாகும்? மதிப்பெண்ணின் நிலையும் அதுவே. இத்தகைய ஆய்வுகளிற் பங்குபற்றினோருள் நூற்றுக்கு 79 பேர் ஐரோப்பிய வழியினர் என்றும், உலக மக்களுள் அவர் நூற்றுக்கு 16 பேரே என்றும் 2019 இல் அலிசியா மார்ட்டினும் பிறரும் எடுத்துக்காட்டினர். உடலளவும் குருதிக்கூறும் சார்ந்த 17 பண்புகளை அவர்கள் சோதித்தபோது, கணிப்பின் திறம் தென்னாசியரிடத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், ஆபிரிக்கரிடத்து நான்கில் மூன்று பங்குக்கு மேலும் குறைந்தது.

‘இலங்கைத் தமிழரும் ஆராயப்பட்டுள்ளனரே’ என்பார் உளர். 2015 இல் நிறைவெய்திய ‘ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம்’ 26 கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரை ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் கூட்டம். ஆனால் அது நோயாராய்ச்சியன்று. மேலும், பெயர் ஒன்றாதல் வேறு, வழி ஒன்றாதல் வேறு. 1911 முதல் குடிசனமதிப்பு நம்மவரை ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே எண்ணிற்று. 2012 இல் அவர் தொகை 839,504. திருச்சி, சேலம், மதுரை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமார் உற்றாரையும் ஊராரையும் கூட்டமாக அழைத்துவந்தமையால், சில ஊர்களின் வழியே தோட்டங்களிற் சேர்ந்தது. மாமன் மகளை மணக்கும் வழக்கமும் தொடர்ந்தது. இவ்வரலாறு பரம்பரையலகுகளிற் பதியாதிருக்குமோ?

ஆதலின் நமக்கு அண்மையிலுள்ள சான்று சென்னையினது எனலாம். 1984 இல் சாரதா மேனன் முதலியோர் தொடங்கிய ‘ஸ்கார்ப்’ நிறுவனமும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் இணைந்து, தென்னிந்தியர் 3,092 பேரை ஆராய்ந்தன. நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் கையாள்வதோடு தொடர்புடைய ஓரிடத்தை 2019 இல் அவ்வாய்வு சுட்டிற்று. ஐரோப்பியரை நோக்கிய பேராய்வுகள் முற்படக் காணாத ஒன்றை இச்சிறிய ஆய்வு சுட்டியது கருதத்தக்கது. ஆயினும் மூவாயிரம் எங்கே, மூன்று இலட்சம் எங்கே!

இதனால் விளையும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றால் ‘பரம்பரைப் பைத்தியம்’ என்னும் பழிச்சொல் லயமெங்கும் பரவி, அவர் தங்கையின் திருமணப் பேச்சையும் தடுத்துவிடும். பிறர்க்கெனச் சமைந்த மதிப்பெண் ஒன்று அப்பழிக்கு விஞ்ஞான முத்திரை இடுமாயின், அதனை மறுக்க எந்தப் பெற்றோர்க்கு இயலும்? மறுபுறம், ஆராய்ச்சியே வேண்டாவென ஒதுங்குதலும் நன்றன்று. 1948 இல் குடியுரிமை ஏட்டுக்குப் புறம்பாக்கப்பட்ட மக்கள், நாளைய மருத்துவத்தின் ஏட்டுக்கும் புறம்பாதல் தகுமோ?

எனவே முடிபு இது. ஆராய்ச்சிக் கருவி என்ற அளவில் இம்மதிப்பெண் போற்றற்குரியது. தனி ஒருவரின் வருங்காலத்தைக் கூறும் வாக்காகக் கொள்ளற்குரியதன்று. மலையக மக்கள் தம் மொழியில் விளக்கம் பெற்று, தம் இசைவோடு, தம் பெயரிலேயே ஆய்வுகளில் இடம்பெறல் வேண்டும். அதுவரை, உறக்கமின்மை, தனித்தொதுங்கல், இல்லாத குரல் கேட்டல் ஆகியவற்றை இளையோரிடம் காணும் ஆசிரியரும் பெற்றோரும் காலந்தாழ்த்தாது அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் கடன். அதற்கு மதிப்பெண் எதுவும் வேண்டுவதில்லை.