மகுடம் தங்குமா?

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். நான்கு நான்காகப் பிரித்து எட்டுப் பிரிவுகள். ஆண்டுதோறும் எட்டு சாம்பியன்கள். 2023-இல் பிரிவை வென்ற எட்டு அணிகளில் ஆறு, 2024-இலும் வென்றன. 2024-இல் வென்ற எட்டில் அடுத்த ஆண்டும் பட்டத்தைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. ஆறு ஒரே ஆண்டில் ஒன்றாகிவிடும் இந்த விளையாட்டில், தொடர் தொடங்கும் செப்டம்பருக்கு முன்பே உட்கார்ந்து யாருடைய மகுடம் தங்கும், யாருடைய மகுடம் நழுவும் என்று சொல்வதைத் தனிக் கலை என்றே கருதுகிறேன். ஆட்டம் பார்ப்பதில் கிடைக்கும் இன்பத்துக்கு இது சற்றும் குறைந்ததல்ல.

வென்றவனைக் கீழே இழுக்கும் ஏற்பாடுகள் லீகின் அமைப்பிலேயே இருக்கின்றன. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கடைசியாக முடித்த அணிக்கே முதல் உரிமை. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. நல்ல வீரர்கள் எல்லோரையும் யாராலும் வைத்துக்கொள்ள முடியாது. 17 ஆட்டங்களில் மூன்று, போன ஆண்டின் இடத்தைப் பொறுத்தவை: முதலிடக்காரர் முதலிடக்காரரோடும், கடைசி இடக்காரர் கடைசி இடக்காரரோடும் மோத வேண்டும். இத்தனையையும் மீறி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2009 முதல் 2019 வரை பதினொரு முறை தொடர்ந்து பிரிவை வென்றது. விதியும் விலக்கும் இப்படி அருகருகே இருப்பதால்தான் கணிப்பவனுக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையின் முதல் பாடம், வெற்றிகளை எண்ணுவதோடு நிற்காமல் அவை எப்படி வந்தன என்று பார்ப்பது. போன வருஷ விளைச்சல் மண்ணால் வந்ததா, மழையால் வந்ததா என்று விவசாயி கேட்பது போன்ற கேள்வி இது. 2022-இன் மினசோட்டா வைக்கிங்ஸ் 13 வெற்றி, 4 தோல்வியோடு பிரிவை வென்றது. ஆனால் அது எடுத்த புள்ளிகள் 424, கொடுத்தவை 427. எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த பதினொரு ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் ஒன்றை மறக்கவே முடியாது. பஃபலோவில் கடைசி நிமிடம். கோல் கோட்டருகே வைக்கிங்ஸை நிறுத்திவிட்டது உள்ளூர் அணியான பில்ஸ். பந்தைப் பத்திரமாக வாங்கி நேரத்தைக் கழித்தால் போதும். குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனின் கையிலிருந்து பந்து நழுவியது. அவருடைய எல்லைக்குள்ளேயே எரிக் கென்ட்ரிக்ஸ் அதன்மேல் விழுந்தார், டச் டவுன். பிறகு பில்ஸ் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் வைக்கிங்ஸ் 33-30 என்று வென்றது. அதைப் பார்த்துச் சிலிர்க்கலாம். அடுத்த ஆண்டுக்கு அதை நம்ப முடியாது. 2023-இல் அதே அணி 7 வெற்றி, 10 தோல்வி (7-10).

புள்ளிக் கணக்கிலிருந்து ஓர் அணிக்கு நியாயமாக வரவேண்டிய வெற்றிகளைக் கண்டுபிடிக்க பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் வகுத்தார். டாரில் மோரே அதன் அடுக்கை 2.37 ஆக்கி அமெரிக்கக் கால்பந்துக்குப் பொருத்தினார். 2024-இன் கான்சஸ் சிட்டி சீஃப்ஸை அதில் போட்டுப் பார்த்தால், 15 வெற்றி கண்ட அணிக்கு ஏறக்குறைய பத்துதான் வருகிறது. அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே அதிர்ஷ்டத்தின் அடையாளம் இருந்தது: பால்டிமோரின் ஐசேயா லைக்லி கடைசி நொடியில் பிடித்த பந்து, அவர் கால்விரல் நுனி கோட்டைத் தொட்டதால் செல்லாமல் போனது. நவம்பரில் டென்வர் கடைசி உதையாக அடித்த ஃபீல்ட் கோலை லியோ செனால் கையால் தடுத்தார், 16-14. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பிரிவை வென்ற சீஃப்ஸ், 2025-இல் 6-11. டிசம்பரில் அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் முழங்கால் காயத்தோடு வெளியேறுவதற்கு முன்பே அது சரிந்துகொண்டிருந்தது.

புள்ளிக் கணக்கு மட்டுமே போதும் என்பவரை டெட்ராய்ட் லயன்ஸ் திருத்தும். 2024-இல் அது எடுத்தவை 564, கொடுத்தவை 342. மழையால் வந்த விளைச்சல் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அதன் தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராகப் போனது அதே பிரிவில் இருந்த சிகாகோ பேர்ஸுக்கு. தற்காப்பை வகுத்த ஆரோன் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். அடுத்த ஆண்டு லயன்ஸ் 9-8. 5-12 ஆக இருந்த பேர்ஸ் 11-6 ஆகிப் பிரிவையே வென்றது. அணியின் பெயரும் சட்டையும் மாறாமல் இருக்க, உள்ளே ஆள் மாறியிருப்பதைக் கவனிப்பது இரண்டாம் பாடம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. தேர்ந்த கணிப்பாளரும் இதில் சறுக்குவார். பஃபலோ பில்ஸ், ஹூஸ்டன் டெக்ஸன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் மூன்றும் 2024-இல் பிரிவை வென்றவை. 2025-இல் ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்களை வென்றவை. டெக்ஸன்ஸும் ராம்ஸும் முந்தைய ஆண்டைவிட இரண்டு வெற்றி கூடுதலாகவே எடுத்தன. மூன்றுமே மகுடத்தை இழந்தன. பட்டத்தைக் காத்த அந்த ஒரே அணி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அதற்கோ 14 வெற்றி 11 ஆகக் குறைந்திருந்தது. பில்ஸின் பிரிவில் 4-13 ஆக இருந்த பேட்ரியட்ஸ், மைக் வ்ரேபல் பயிற்சியில் 14-3 ஆக எழுந்தது. ஈகிள்ஸின் பிரிவிலோ வாஷிங்டன் கமாண்டர்ஸின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் காயங்களால் பல ஆட்டங்களை இழந்தார், அணி 12-5-இலிருந்து 5-12 ஆனது. டாலஸ் கவ்பாய்ஸ் தன் தற்காப்பின் தூணான மைக்கா பார்சன்ஸை, தொடர் தொடங்கச் சில நாட்களே இருக்கையில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டது. பிரிவுப் பட்டம் நான்கு பேருக்குள் முடிகிற விவகாரம். சாம்பியனை மட்டும் ஆராய்கிறவர் கேள்வியில் கால் பங்கைத்தான் படித்திருக்கிறார்.

ஈகிள்ஸ் இருக்கும் என்.எஃப்.சி. கிழக்கில் 2004-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் யாருமே பட்டத்தைத் தக்கவைத்ததில்லை. அதைச் சாபம் என்று எழுதியவர்கள் பலர். 2025 கோடையில் அந்தச் சாபத்தை ஒதுக்கிவிட்டு, ஈகிள்ஸ் முந்தைய ஆண்டு 463 எடுத்து 303 மட்டுமே கொடுத்ததை நம்பியவரே நல்ல ரசிகர். டேனியல்ஸின் காயத்தை அவர் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அறிய வேண்டியதும் இல்லை.

ஆகவே எட்டு அணிகளில் எத்தனை பெயர் சரியாக வந்தது என்று கணிப்பாளரை நான் அளப்பதில்லை. எந்த வெற்றி நிலைக்கும், எது நிலைக்காது, பக்கத்து வீட்டில் யார் வளர்கிறார் என்று காரணத்தோடு சொன்னாரா? பத்துக்கு ஆறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிச்சயம் என்று சொல்லாமல் இருந்தாரா? அப்படிச் சொன்னவரின் கணிப்பு தோற்றாலும், ஜனவரியில் எடுத்துப் படிக்கும்போது ஆட்டம் அதில் தெளிவாகத் தெரியும்.