மிதம் விடுபட்ட பந்தி

பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஏழரை மணி. திருவண்ணாமலைச் செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வேனின் பின்கதவைத் திறந்துவைத்துச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். ராஜமுந்திரிப் பக்கம். கணவர் காலமான பிறகு ரமண நகரில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, மூன்று வருடமாக அண்ணாமலையார் நிழலில் இருக்கிறார். முதல் கரண்டி விழுந்ததும் தொன்னையின் மேல் கையைக் குறுக்கே வைத்து, “சாலு பாபு, ஷுகர் உந்தி” என்றார்; போதும் தம்பி, சர்க்கரை இருக்கிறது என்று. கொடுத்த பையன், “சாமி பிரசாதம்மா, ஒண்ணும் செய்யாது” என்று சொல்லி, கை விலகும்வரை காத்திருந்து இன்னொரு கரண்டி வைத்தான். அவரும் தொன்னையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். மறுத்தால் அருணாசலேசுவரரையே மறுத்ததாகிவிடுமோ என்ற அச்சம் அந்த முகத்தில் தெரிந்தது.

அந்தக் கரண்டியை விட்டு என் மனம் இன்னும் விலகவில்லை. கொடுத்தவனிடம் அன்புக்குக் குறைவில்லை. வாங்கியவரிடம் பக்திக்குக் குறைவில்லை. ஆனால் அந்த உடம்பு சொன்னதை இருவரில் ஒருவராலும் காப்பாற்ற முடியவில்லை.

இந்தப் பகுதிக்கு வயதான காலத்தில் வந்து தங்குகிறவர்கள் பலவகை. ஓய்வூதியத்தோடு வந்த தெலுங்குக் குடும்பங்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் சென்னைத் தம்பதிகள், வடநாட்டுச் சாதுக்கள், ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கேயே முதுமை அடைந்தவர்கள், வீட்டில் இடமில்லாமல் காவி உடுத்தியவர்கள். இவர்களில் கணிசமானவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. ஆசிரமம், மடம், கோயில், பௌர்ணமிதோறும் வண்டியோடு வரும் உபயதாரர் என்று கைகள் மாறலாம்; இலையில் விழுவது பெரும்பாலும் வெள்ளைச் சோறுதான்.

இந்த வழக்கத்தின் மேன்மையை முதலில் சொல்லியாக வேண்டும். யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் ஒருவருக்குச் சோறு போடுவது எளிதில் கிடைக்கிற நாகரிகம் அல்ல. தனியாக இருக்கும் முதியவர் ஒரு ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்கச் சோம்பி, டீயிலும் பன்னிலும் நாளைக் கழித்துவிடுவார். பந்தி அவரைக் குளிக்க வைக்கிறது, நேரத்துக்கு வெளியே வர வைக்கிறது, பக்கத்து இலைக்காரரிடம் நாலு வார்த்தை பேச வைக்கிறது. ஒருநாள் வராவிட்டால் “எங்கே காணோம்?” என்று கேட்க ஆள் உண்டு. இதற்கு ஈடாக எந்த மருந்தையும் என்னால் சொல்ல முடியாது. 2002இல் தமிழக அரசு கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியபோது, இந்தப் பழைய அறத்துக்குத்தான் ஒரு ஒழுங்கு கிடைத்தது.

ரமணாசிரமத்துக்குப் பெயர் தந்த ரமணரும் இப்படிப் பிறர் இட்ட சோற்றை அறிந்தவர்தான். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்தார். தொடக்க காலத்தில் பிச்சைச் சோற்றில்தான் வாழ்ந்தார். குகையில் இருந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து, இருந்தவர்கள் பகிர்ந்து உண்டார்கள். பின்னாளில் ஆசிரமச் சமையற்கட்டில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர் அவர். தன் இலையில் மற்றவர்களுக்கு விழுவதைவிட ஒரு பிடி கூடுதலாக விழுந்தாலும் பொறுக்கமாட்டார். ஆன்ம சாதனைக்குத் துணையாக அவர் முதன்மைப்படுத்திய நியமம், மிதமான சாத்விக உணவு. அதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. சாத்விகத்தை நாம் பத்திரமாகப் பிடித்துக்கொண்டோம்: வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, புலால் கூடவே கூடாது. மிதம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

ஒரு சித்திரைப் பௌர்ணமி விருந்துக்குப் பின் நடந்ததாக ஒரு செய்தி உண்டு. வயிறு முட்டச் சாப்பிட்ட களைப்பில், சொன்ன பேச்சுக் கேளாத வயிற்றை நொந்து ஔவை பாடிய வெண்பாவை ஒருவர் எடுத்தார். ரமணர் அதைத் திருப்பிப் போட்டு, உயிரின் மேல் வயிறு முறையிடுவதாக ஒரு வெண்பா பாடினார்: ஒரு நாழிகைகூட என்னை ஓயவிடுவதில்லையே என்று. வயிற்றின் பக்கம் நின்று பேசிய ஒரு ஞானியின் ஊரில், வயிற்றின் முறையீட்டைக் கேட்க ஆளில்லாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

உடம்பின் கணக்குக்கு வருவோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. வயதானவர்களிடம் இது இன்னும் கூடும். நம் உடல்வாகும் ஒரு காரணம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல், ஆசிய வம்சாவளியினருக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டாலே சர்க்கரைப் பரிசோதனை செய்யலாம் என்று வரம்பை இறக்கியது. மற்றவர்களுக்கு அது 25. அங்கே குடியேறிய ஆசியர்கள் பார்வைக்குப் பருமனாக இல்லாமலேயே நீரிழிவுக்கு ஆளானதுதான் காரணம். அங்கே போனவர்களின் தட்டில் பழைய சோறோடு புதிய கொழுப்பும் இனிப்புப் பானமும் சேர்ந்தன. அண்ணாமலைக்கு வந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. தட்டு எளிமையானது; என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கைவிட்டுப் போனது.

சாலையோரம் அமர்ந்திருக்கும் முதியவர்களைக் கவனித்துப் பாருங்கள். கால்கள் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும். வயது ஏற ஏறத் தசை கரைகிறது. பருப்பும் பயறும் போதாமல் சோறே மிகுந்தால், கரைந்த தசையின் இடத்தில் கொழுப்பு குடியேறுகிறது. தராசில் எடை சரியாகவே காட்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவு வரம்பை நாடா வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பௌர்ணமிக்கு நாலு இடத்தில் பொங்கலும் புளியோதரையும் கேசரியும். சில சாதாரண நாட்களில் பிற்பகல்வரை ஒன்றுமில்லை. இந்த ஏற்ற இறக்கம் இன்னொரு ஆபத்து. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை அளவு தாழ்ந்து, வியர்த்து, மயக்கமே வரலாம். மலையைச் சுற்றினால் சாப்பிட்டதெல்லாம் கரைந்துவிடும் என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவர் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் நடந்தால் 600, 700 கலோரி செலவாகும். நெய்யும் வெல்லமும் சேர்ந்த நாலு தொன்னை அதை எளிதில் தாண்டிவிடும். முழங்கால் வலியால் ஆட்டோவில் சுற்றுகிறவர்களுக்கு அந்தக் கழிவும் கிடையாது.

“பசித்தவனிடம் போய் அளவு பேசுவதா?” என்ற கேள்வி நியாயமானது. நெடுந்தூரம் நடந்து வந்த கூலித்தொழிலாளிக்கு அந்த இரண்டாவது கரண்டிதான் அன்றைய உயிர். ஆகவே பந்தி வாசலில் சீட்டு, பரிசோதனை, “உங்களுக்குச் சுகரா?” என்ற விசாரணை எதுவும் வரக்கூடாது. கேள்வி கேட்காமல் போடுவதுதான் இதன் உயிர்நாடி. அதைக் கெடுத்தால் மிஞ்சுவது ரேஷன் கடை. மாற வேண்டியது வாங்குகிறவர் அல்ல, அண்டா. உபயதாரர்கள் தங்கள் கொடையை இலைக்கணக்கிலும் இனிப்பிலும் அளக்கிறார்கள். சர்க்கரைப் பொங்கல் இல்லாத உபயம் குறையுள்ளதாகப் படுகிறது. ஆனால் சுண்டலும் பிரசாதம்தானே? நவராத்திரியில் ஒன்பது நாளும் அம்மனுக்கு அதைத்தானே வைக்கிறோம்? ஆடியில் இதே வட்டாரத்து அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறோம். இதே மாவட்டத்து ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. சாமையிலும் மாவுச்சத்து உண்டு, அளவின்றிச் சாப்பிட அதுவும் உரிமம் தராது. என்றாலும் ஒரு அண்டா பொங்கலோடு ஒரு அண்டா கொண்டைக்கடலையும் ஒரு குடம் மோரும் வந்தால், முதியவருக்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடிப் போகிறது. வீடில்லாத சாதுக்களுக்காக அது பந்தி முடியும் நேரத்தில் பக்கத்து மரத்தடிக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், பரிமாறுகிறவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி: இலைமேல் கை வந்தால் கரண்டி நிற்க வேண்டும்.

அன்று காலை அந்த அம்மாள் பொங்கலோடு அறைக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் சட்டியோடு உட்கார்ந்திருந்த வயதான சாது ஒருவரிடம் போய்த் தொன்னையை நீட்டினார். அவர் நிமிர்ந்து பார்த்து, “எனக்கும் சுகர்தாம்மா” என்றார். தொன்னை சிறிது நேரம் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது.