யாருக்குத் திறந்த கதவு?

பயணம் பற்றிய எழுத்துக்கள் இன்று பெருகிவிட்டன. பெருகிய அளவுக்கு அவை ஆராயப்படவில்லை. நாவலையும் சிறுகதையையும் சமுதாயப் பகைப்புலத்தில் வைத்து நோக்கத் தலைப்பட்ட நமது விமர்சகர்கள், பயணக் கட்டுரையைப் பொழுதுபோக்கு எழுத்தென்று ஒதுக்கிவிட்டனர். ஆயின், ஒரு நாட்டைப் பற்றி வேற்று நாட்டார் கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் இவ்வெழுத்துக்களாலேயே உருவாகின்றது. எழுதுபவர் எங்கு நின்று பார்க்கிறார், எதைக் கண்டார், எதைக் காணாது விட்டார், அவர் பிரயாணம் செய்வதற்கு வேண்டிய வசதியை அவருக்கு அளித்த சமுதாய அமைப்பு எத்தகையது என்னும் வினாக்களைக் கதாசிரியனிடம் கேட்பது போலவே பயணக் கட்டுரையாளனிடமும் நாம் கேட்டல் வேண்டும். 2016ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கியூபாவுக்குச் சென்ற உல்லாசக் கப்பல்களும், அவற்றையொட்டி எழுந்த எழுத்துக்களும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற உதாரணங்களாகும்.

நிகழ்ச்சிகள் யாவரும் அறிந்தவை. 2014 டிசம்பர் 17ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் கியூப ஜனாதிபதி ராவுல் காஸ்ட்ரோவும் இரு நாட்டு உறவுகளைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தனர். 2015 ஜூலையில் தூதரகங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 2016 மார்ச்சில் ஒபாமா ஹவானாவுக்குச் சென்றார். அதே ஆண்டு மே 2ஆம் திகதி, ஏறத்தாழ 700 பிரயாணிகளுடன் மயாமியிலிருந்து புறப்பட்ட ‘அடோனியா’ என்னும் கப்பல் ஹவானாத் துறைமுகத்தை அடைந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்த முதலாவது உல்லாசக் கப்பல் அது. “மூடிக் கிடந்த தீவு திறந்துவிட்டது” என்னும் பேச்சு எங்கும் எழுந்தது.

இச்சொல்லையே முதலில் ஆராய வேண்டும். 2015ஆம் ஆண்டில் கியூபாவுக்குச் சென்ற வெளிநாட்டார் தொகை ஏறத்தாழ 35 இலட்சம். கனேடியர்களும் ஐரோப்பியர்களும் ஆண்டுதோறும் அத்தீவின் கடற்கரைகளிற் குளிர்காலத்தைக் கழித்து வந்தனர். அவர்களுக்கு அது மூடிய நாடாக இருக்கவில்லை. மூடியிருந்த கதவு அமெரிக்கக் குடிமகனின் வீட்டுக் கதவேயாகும். 1962இல் விதிக்கப்பட்ட முழு வர்த்தகத் தடையும், 1963இல் பிறப்பிக்கப்பட்ட நிதிக்கட்டுப்பாட்டு விதிகளும் அவன் கியூபாவிற் பணம் செலவிடுவதைக் குற்றமாக்கின. தன் வாயிலைத் தானே தாழிட்டுக்கொண்டு, எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறதென்று ஊருக்குச் சொல்பவனின் பேச்சை ஒத்தது இத் ‘திறப்பு’. 2016இல் கூட வெறும் உல்லாசத்துக்காக அங்கு செல்ல அமெரிக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட 12 நோக்கங்களுள் ஒன்றைக் காட்டியே செல்லல் வேண்டும். ஆகவே அக்கப்பற் பயணம் ‘மக்களோடு மக்கள் பழகும்’ கல்விப் பயணம் என்று பெயர் சூட்டப்பட்டது. தன் குடிமக்கள் களிப்பதற்குக் கூடக் கல்வியென்ற முகமூடியை அணிவித்தனுப்பிய ஓர் அரசு, மற்றொரு நாட்டின் சுதந்திரக் குறைவைப் பற்றிப் பேசியது.

இப்பயணங்களைப் பற்றி எழுதியவர்களின் நடையில் ஒரு பொதுப் பண்பைக் காணலாம். 1950ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் கார்கள், சாயம் உதிர்ந்த சுவர்கள், பல்கனியிற் காயும் உடைகள், சுருட்டுப் புகைக்கும் கிழவி என்பன தவறாது வரும். ‘காலம் உறைந்து நின்ற நகரம்’ என்ற முடிவும் வரும். ‘மாறிவிடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்’ என்ற அழைப்பு அதனைத் தொடரும். காலம் எந்நகரத்திலும் உறைவதில்லை. புதிய காரும் உதிரிப்பாகமும் பெறமுடியாத நிலையில், அறுபதாண்டுப் பழைய யந்திரத்தை வேறு வண்டிகளின் உறுப்புக்களைக் கொண்டு ஓடச் செய்த தொழிலாளியின் கைத்திறனே அக்காராக நம்முன் ஓடுகிறது. சாயம் உதிர்ந்த சுவர், மழைக்காலத்தில் இடிந்து விழும் சுவராகவும் இருக்கின்றது. அதன்கீழ் உறங்குபவனுக்கு அதன் அழகு தெரியாது. பிறருடைய வறுமை மாறுமுன் அதைப் பார்த்துவிட விரும்பும் ரசனை, எத்துணை மென்மையான சொற்களால் மூடப்பட்டாலும், மனிதாபிமானத்துக்குப் புறம்பானது.

இந்த ரசனைக்குக் கியூபாவில் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரையான காலத்தில் ஹவானா அந்நாட்டாரின் மதுச்சாலையாயிற்று. பின்னர் சூதாட்ட விடுதிகள் பெருகின. கொள்ளைக் கூட்டத் தலைவன் மேயர் லான்ஸ்கியின் ‘ரிவியேரா’ ஹோட்டல் 1957 டிசம்பரில் திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டம், துறைமுகம், மின்சாரம் என்பவற்றில் அந்நிய மூலதனம் எங்ஙனம் வேரூன்றியதோ, அங்ஙனமே உல்லாசத்திலும் வேரூன்றியது. நல்ல கடற்கரைகள் பல தனியார் கழகங்களுக்குரியனவாய், கறுப்பு நிறத்தவர் கால் வைக்கலாகாத இடங்களாய் இருந்தன.

இந்நிலைமையை இலக்கியமாக்கியவர் நிக்கொலாஸ் கியேன். 1902இல் கமகுவே நகரிற் பிறந்த இம்முலாட்டோக் கவிஞர், 1934இல் வெளியிட்ட தொகுதிக்கு ‘வெஸ்ட் இன்டீஸ் லிமிட்டெட்’ என்று பெயரிட்டார். நாடுகளின் பெயரோடு கம்பனியின் ஈற்றுச் சொல்லைச் சேர்த்த அத்தலைப்பே ஒரு விமர்சனமாகும். மேற்கிந்தியத் தீவுகள் முழுவதும் வரையறுக்கப்பட்ட ஒரு கம்பனியாய்ப் பதிவு செய்யப்பட்டுவிட்டன என்பது அதன் பொருள். கப்பலில் வந்திறங்கும் அந்நியனுக்கு இணங்கிப் பேசுமளவுக்கு மாத்திரம் அவன் மொழியைக் கற்றுக்கொண்ட துறைமுகத்தை அக்கவிதை கசப்போடு எள்ளி நகையாடுகிறது. பயணக் கட்டுரையாளன் கப்பலின் மேற்றளத்திலிருந்து பார்த்த அதே துறைமுகம், சுமை தூக்குபவன் நின்ற தரையிலிருந்து ஈண்டுப் பார்க்கப்படுகிறது.

முப்பதாண்டுகள் கழித்து, 1964இல், கியேன் ‘தெங்கோ’ என்னும் கவிதையை வெளியிட்டார். ‘என்னிடம் உண்டு’ என்பது அச்சொல்லின் பொருள். புரட்சிக்குப் பின்னர் தனக்குக் கிடைத்தவற்றை ஓர் எளிய கறுப்பு மனிதன் வியப்போடு எண்ணிப் பார்ப்பதே அதன் உள்ளடக்கம். அவன் எண்ணுபவை தங்கமும் வைரமுமல்ல. நடன மண்டபத்தின் வாயிலிலோ மதுச்சாலையின் வாயிலிலோ தன்னை எவரும் தடுத்து நிறுத்த இயலாது. ஹோட்டலில் அறை இல்லையென்று தன் முகத்திற்கு நேரே கூவ இயலாது. கடற்கரை தனக்கும் உரியது. எழுதப் படிக்கத் தனக்குத் தெரியும். இவ்வளவே அவன் கணக்கு. ஒரு புரட்சியின் பயனை ஹோட்டல் வாயிலில் வைத்து அளந்த கவிதை இது. அளவுகோல் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அவ்வாயிலில் அவமதிக்கப்பட்டவனுக்கு அதனினும் பெரிய அளவுகோல் இல்லை.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சகனுக்கு ஒரு கடமை எழுகின்றது. ‘தெங்கோ’வை மேடையிற் போற்றுவது எளிது, அதன் அளவுகோலைப் பின்வந்த காலத்துக்கும் பிரயோகிப்பதே கடினம். சோவியத் யூனியன் வீழ்ந்தபின் கியூபாவின் பொருளாதாரம் 1989க்கும் 1993க்கும் இடையில் மூன்றிலொரு பங்களவு சுருங்கிற்று. உணவும் எண்ணெயும் இன்றி மக்கள் வாடினர். அந்நியச் செலாவணி தேடி அரசு உல்லாசப் பிரயாணத் தொழிலை நாடியது. 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அதன் வருவாய் சீனியின் வருவாயை விஞ்சிவிட்டது. வெளிநாட்டாருக்கென ஹோட்டல்கள் எழுந்தன. அந்த ஹோட்டல்களில் அறை எடுத்துத் தங்கும் உரிமை, கையிற் பணமிருந்தபோதிலும், கியூபக் குடிமக்களுக்கு இருக்கவில்லை. 2008 மார்ச் இறுதியிலேயே அத்தடை நீக்கப்பட்டது. அஃதாவது, எவரும் தன்னை வாயிலில் நிறுத்த இயலாதென்று பாடிய அம்மனிதனின் பிள்ளைகள், தமது சொந்த அரசின் ஆணையால் அதே வாயிலில் நிறுத்தப்பட்டனர்.

இதற்குக் கூறப்பட்ட காரணங்களை நாம் அறிவோம். முற்றுகைக்குள்ளான ஒரு சிறு தீவு, பாலும் மருந்தும் வாங்கப் பணம் தேட வேண்டியிருந்தது உண்மை. உல்லாசப் பிரயாணிகளின் பணத்தாற் பயன் விளைந்ததும் உண்மை. பழைய ஹவானாவின் வரலாற்றாசிரியராக விளங்கிய எயுசேபியோ லெயால், 1990ஆம் ஆண்டுகளில் ஹோட்டல் வருவாயைக் கொண்டே இடிந்த கட்டடங்களைப் புதுப்பித்து, அப்பகுதி மக்களுக்கு வேண்டிய சமூகப் பணிகளையும் நடத்தினார். ஆயினும் தேவை ஒரு கொள்கையை விளக்குமேயன்றி, அதை நியாயமாக்கிவிடாது. சமத்துவம் அந்நியச் செலாவணிக்காக ஒத்திவைக்கப்படலாமென ஒரு முறை ஒப்புக்கொண்டால், மறுமுறை அது எதற்காகவும் ஒத்திவைக்கப்படும். இதனை நாம் சொல்லத் தவறினால் எதிரிகள் சொல்வர். அவர்கள் சொல்லும்பொழுது அதன் நோக்கம் வேறாயிருக்கும்.

இக்கதவு கப்பலின் வாயிலிலும் தோன்றியது. கியூபாவிற் பிறந்தவர்கள் கடல் மார்க்கமாக நாட்டினுள் வருவதைக் கியூப விதி தடுத்தது. கப்பற் கம்பனியோ அவ்விதியைக் காட்டி, அமெரிக்கப் பிரசையாகிவிட்ட கியூபரின் பயணப்பதிவை ஏற்க மறுத்தது. டென்மார்க்கிற் பிறந்தவன் ஏறலாம். ஹவானாவிற் பிறந்தவன் ஏறலாகாது. மயாமியில் எதிர்ப்பு எழுந்து வழக்கும் தொடரப்பட்டபின், 2016 ஏப்ரல் 22ஆம் திகதி கியூப அரசு அவ்விதியைத் தளர்த்திற்று. சோஷலிச அரசின் விதியும் முதலாளித்துவக் கம்பனியின் வசதியும் ஒரே மனிதனை வெளியே நிறுத்துவதில் எவ்வளவு இலகுவாக ஒத்துப்போயின என்பதை நோக்குக.

தடை நீங்கியபின் எஞ்சி நின்றது விலை. அடோனியாவின் ஏழு நாட் பயணத்துக்குக் கட்டணம் 1800 டொலரிலிருந்து தொடங்கியது. அக்காலத்தில் கியூப அரச ஊழியர் ஒருவரின் சராசரி மாதச் சம்பளம் 30 டொலருக்கு அண்மித்தது. அஃதாவது, ஹவானாவில் ஓர் ஆசிரியர் ஐந்தாண்டுகள் உண்ணாமலும் உடுக்காமலும் உழைத்தால் அக்கப்பலில் ஒரு வாரம் பயணம் செய்யலாம். பிரயாணி கப்பலிலே உண்டு, கப்பலிலே உறங்கி, சில மணிநேரம் கரையில் உலவித் திரும்புபவன். அவன் செலவின் பெரும்பகுதி கப்பலோடு திரும்பிவிடும். மயாமியிலிருந்து தொழில் நடத்தும் கார்னிவல் கம்பனி பனாமாவிலும், றோயல் கரிபியன் கம்பனி லைபீரியாவிலும் அக்காலத்தில் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருந்தன. கியேன் தம் தலைப்பிற் சூட்டிய ‘லிமிட்டெட்’ என்னும் சொல்லுக்கு இன்றும் பொருளுண்டு.

மேற்றளத்துப் பார்வை அந்நியனுக்கு மாத்திரம் உரியதன்று. தோமாஸ் குத்தியெரெஸ் அலெயா 1968இல் உருவாக்கிய ‘பின்தங்கிய நிலையின் நினைவுகள்’ என்னும் திரைப்படத்தில், பெற்றோரும் மனைவியும் மயாமிக்குப் போய்விட்ட பின்னர் ஹவானாவில் தனித்துத் தங்கும் செர்ஜியோ என்பவன், தன் மாடியிலே நிறுத்திய தொலைநோக்கியின் மூலம் நகரத்தைப் பார்க்கிறான். நாட்டில் நடப்பவை யாவும் அவனுக்குக் காட்சிகளே. எதிலும் அவன் பங்குகொள்வதில்லை. ஹெமிங்வே வாழ்ந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சியில், சோவியத் நாட்டுப் பிரயாணிகளும் அங்கு நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். நட்பு நாட்டிலிருந்து வந்தவனும் பிரயாணி பிரயாணியே என்பதை அரச நிறுவனமொன்றிற் பணிபுரிந்த கலைஞர் ஒருவர் அன்றே காட்டத் துணிந்தார். அத்துணிவே அப்படைப்பை வெறும் பிரசாரத்தினின்றும் வேறுபடுத்துகிறது.

கரிபியன் கடலின் மற்றொரு தீவான அன்டிகுவாவிற் பிறந்த ஜமெய்க்கா கின்கெய்ட், 1988இல் எழுதிய ‘ஒரு சிறு இடம்’ என்னும் நூலில் உல்லாசப் பிரயாணியை ‘நீ’ என முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். தீவில் வாழ்பவனும் ஓய்வை விரும்புகிறான். ஆனால் தன் இடத்தை விட்டுச் செல்லும் வசதி அவனுக்கில்லை. ஆகவே தன்னைக் காண வருபவனை அவன் வெறுக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். 1974ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சேதமுற்ற நூலகம் நெடுங்காலம் திருத்தப்படாது கிடந்ததைக் காட்டி, 1981இல் சுதந்திரம் பெற்ற தமது தீவின் ஆட்சியாளர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நியனைச் சாடுவதோடு நின்றிருப்பின் நூலின் வலிமை பாதியாயிருக்கும். பிரயாணம் செய்யும் உரிமை பிரயாணத்தின் மறுபக்கம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். கியூபர்கள் வெளிநாடு செல்வதற்கு அரசிடம் பெறவேண்டியிருந்த வெளியேறும் அனுமதி 2013 ஜனவரியில் அகற்றப்பட்டது. கப்பலின் வருகையைக் கொண்டாடிய எழுத்துக்களில் அத்திகதியைக் காண்பது அரிது. உள்ளே இருப்பவன் வெளியே செல்லப் பெற்ற நாளும் ஒரு நாட்டின் திறப்பு நாளென்பது அவர்கள் நினைவிற்கு வரவில்லை.

2019 ஜூன் மாதம் ட்ரம்ப் அரசாங்கம் அக்கப்பற் பயணங்களைத் தடைசெய்தது. அறிவிப்பு வெளியான மறுநாளே தடை அமுலுக்கு வந்தது. கப்பல்களை நம்பிக் கடன்பட்டு உணவுச்சாலை திறந்தவர்களும், பழைய காரைப் புதுப்பித்தவர்களும் கரையில் நின்றனர். அதே ஆண்டில், 1960இல் தேசியமயமாக்கப்பட்ட ஹவானாத் துறைமுக மேடைகளின் பழைய உரிமைக் கம்பனி, அவற்றைப் பயன்படுத்திய கப்பற் கம்பனிகள் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தது. நான்கு கம்பனிகளும் மொத்தம் 40 கோடி டொலருக்கு மேற் செலுத்த வேண்டுமென 2022இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் மேல் நீதிமன்றம் அதனைப் புரட்டிற்று. முதலாளிகள் இருசாராரும் நீதிமன்றத்திலே துறைமுகத்துக்கு உரிமை பேசிக்கொண்டிருந்தனர். அத்துறைமுகத்தில் சுமை தூக்கியவனின் பெயர் எந்த மனுவிலும் இல்லை.

ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் பயணக் கட்டுரைகளைக் கற்பிக்கிறோம். வருணனையையும் உவமையையும் எடுத்துக்காட்டி நிறுத்திவிடுகிறோம். ‘தெங்கோ’வை ஒரு கையிலும், ஹவானாவைப் புகழும் ஒரு பயணக் கட்டுரையை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒரு பாடம் நடத்திப் பார்க்கலாம். கட்டுரையில் வரும் கார்ச் சாரதி, பாடகன், பணிப்பெண் ஆகிய ஒவ்வொருவரையும் சுட்டி, இவர் அந்த ஹோட்டலில் விருந்தினராய் நுழைய முடிந்ததா, எந்த ஆண்டில், யாருடைய அனுமதியோடு, எத்தனை மாதச் சம்பளத்தில் என்று மாணவர்களைக் கேட்கச் செய்யலாம். இக்கேள்வியை மயாமிக்கும் கேட்க வேண்டும், ஹவானாவுக்கும் கேட்க வேண்டும். ஒன்றிடம் கேட்டு மற்றதை விட்டுவிடும் விமர்சனம் கியேனின் கவிதைக்குச் செய்யும் துரோகமாகும்.