செத்த காலேஜும் தேடுபெட்டியும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மக்கள் சூட்டிய பெயர் ஒன்று உண்டு — செத்த காலேஜ்! ஆணை பிறப்பித்து வைத்த பெயரன்று. பட்டணம் பார்க்க வந்த பாட்டாளி வைத்த பெயர். 1851-இல் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் அது தொடங்கப்பட்டது. 1854-இல் பாந்தியன் சாலைக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டே உயிர் விலங்குகளையும் அங்கே கூண்டிலிட்டுக் காட்டினர். உலவுவன உயிர் காலேஜ் ஆயின. பாடம் செய்து நிறுத்தப்பட்டவை செத்த காலேஜ் ஆயின. கற்றவர் நகைக்கலாம். ஆயினும், இரண்டே சொற்களில் இடத்தின் வரலாற்றையும் அடக்கி, உள்ளே இருப்பது இன்னதென்றும் உரைத்துவிட்ட அந்தப் பெயருக்கு ஈடாக, அதிகாரிகள் எழுதிய பலகை எதையேனும் காட்ட இயலுமா?

பெயரைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. இன்று அருங்காட்சியகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012-இல் ஏறத்தாழ 1,25,000 படங்களை உலகோர் கையில் கொடுத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2017-இல் 3,75,000 படங்களை எவ்வித உரிமைக் கட்டுமின்றித் திறந்துவிட்டது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 2020-இல் 28 இலட்சத்தைத் திறந்தது. கோபாலபுரத்துத் தெருவொன்றில் திண்ணையில் அமர்ந்திருக்கும் மாணவன், கைப்பேசியில் விரலை ஓட்டி, இலண்டனில் இருக்கும் அமராவதிச் சிற்பத்தின் உளித்தடத்தைக் கூட உருப்பெருக்கிப் பார்க்கலாம். மன்னர் மாளிகைக்குள் மட்டுமே இருந்த மாட்சி, மண்குடிசைக்கும் வந்திருக்கிறது. இதைப் போற்றாதவன் பகுத்தறிவாளன் ஆகான்.

ஆனால், அந்த மாளிகையின் வாயிலில் நிற்கும் காவலன் யார்? ஒரு வெள்ளைப் பெட்டி. தேடுபெட்டி! 'என்ன வேண்டும்? பெயரைச் சொல்' என்கிறது அது. சொன்னால் கதவு திறக்கும். சொல்லத் தெரியாதவனுக்கு வெறும் வெள்ளைத் திரை.

தியாகராய நகரில் ஒரு துணிக்கடை. உள்ளே நுழைந்த தாயை நோக்கி, 'அம்மா, தாங்கள் விரும்பும் சேலையின் பதிவெண் யாது?' என்று கடைக்காரர் கேட்டால், அந்தக் கடை எத்தனை நாள் நடக்கும்? விரித்துப் போட்டால் அல்லவா விருப்பம் பிறக்கும்! ஆஸ்திரேலிய அறிஞர் மிட்செல் வைட்லா 2015-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் குறையாகச் சொன்னார்: தேடுபெட்டி கையை இறுக மூடிக்கொண்டு கேள்வி கேட்கிறது, பண்பாட்டுச் சேமிப்போ முதலிலேயே தாராளமாகத் தன்னைக் காட்டவேண்டும் என்றார். அருங்காட்சியகத் தளத்துக்கு வருவோர் அனைவரும் ஆராய்ச்சியாளர் அல்லர். 'எங்கள் ஊர்ப் பொருள் ஏதாவது இருக்கிறதா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு வருபவனுக்கு வழி வேண்டும். ஊர் வழியாக, தொழில் வழியாக, செய்பொருள் வழியாக உலவ விடுங்கள் என்கிறோம்.

சரி, பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், யார் வைத்த பெயரைச் சொல்வது?

1845-இல் அமராவதியில் தோண்டியவர் வால்டர் எலியட் என்ற கும்பெனி அதிகாரி. சென்னைக்கு வந்த கற்களில் பெரும்பகுதி 1859-இல் கப்பலேறியது. 1880-இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தது. எஞ்சியவை எழும்பூரில் இருக்கின்றன. அந்தக் கற்களுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'எலியட் பளிங்குகள்'! செதுக்கிய சிற்பியின் பெயரில்லை. பொருள் தந்து எழுப்பிய பௌத்த மக்களின் பெயரில்லை. தோண்டி எடுத்தவன் பெயர் முன்னே நிற்கிறது. பின்னே நிற்கும் 'பளிங்கு' என்ற சொல்லாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. அது சுண்ணாம்புக் கல்! இரண்டு சொல்லில் ஒன்று உடைமை கொண்டாடுகிறது. மற்றொன்று பொய் பேசுகிறது.

ஆதிச்சநல்லூருக்கு வருவோம். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் அங்கே அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னைக்கு வந்தன. அவற்றின் அச்சுப் பட்டியல் 1915-இல் வெளிவந்தது. ஒரே மேடு, பொருள்கள் இரண்டு கண்டங்களில். ஊர்ப்பெயரோ ஆங்கில எழுத்தில் ஒருவர் கையில் 'ஆதிச்சநல்லூர்', இன்னொருவர் கையில் 'அடித்தநல்லூர்'. தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆன கதையும், திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆன கதையும் நாம் அறிந்தவை. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டது. எதிர்ப்பும் ஏளனமும் எழ, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசுக்கே ஓர் ஊரை எப்படி எழுதுவதென்று முடிவில்லாதபோது, பொறிக்கு எப்படித் தெரியும்? ஓர் எழுத்து மாறினால், 'பொருள் எதுவும் இல்லை' என்கிறது திரை. பொருள் இருக்கிறது, பாலந்தான் இல்லை.

'அப்படியானால் தமிழிலேயே தேடு' என்பார் சிலர். தேடலாம். ஆனால் தமிழ்ச் சொல் நடந்து போகும்போது உருமாறும் என்பதை அந்தப் பொறிக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். 'பல்லாவரம்' என்று தட்டுகிறான் மாணவன். குறிப்பிலோ 'பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி' என்றிருக்கிறது. மகரம் கெட்டு அத்துச்சாரியை வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி கைவிரித்துவிடுகிறது. நன்னூல் படித்த பிள்ளைக்கு விளங்கும் இச்செய்தியைப் பொறிக்கும் கற்பிக்க முடியும். முடியாததன்று, வேண்டும் என்று கேட்பார் இல்லை. பறை, பம்பை, உடுக்கை, தவில் ஆகிய நான்கையும் 'டிரம்' என்ற ஒரே சொல்லுக்குள் திணித்துவிட்டால், அடித்தவன் எவன், எந்தத் தெருவில் நின்று அடித்தான் என்ற வரலாறெல்லாம் அந்தச் சொல்லோடு அமிழ்ந்துபோகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து, சாதிவாரியாகப் பட்டியலிட்டு, 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டவர். அளவெடுத்தவருக்குப் பெயர் இருந்தது. அளக்கப்பட்டவனுக்குச் சாதி மட்டுமே இருந்தது. அக்காலத்துக் குறிப்புகளை எழுத்து மாறாமல் கணினியில் ஏற்றினால், பழைய இழிவு புதிய வாகனத்தில் ஊர்வலம் வரும். அழித்துவிடலாமா? கூடாது. அழித்தால், செய்த தவறுக்குச் சான்றும் அழியும். எழுதியவர் யார், ஆண்டு எது என்று முத்திரை குத்தி, இன்றைய விளக்கத்தையும் அருகே வைக்கவேண்டும்.

பட்டியல் வெறும் படிப்பாளிகளின் விளையாட்டு என்று எண்ணுவோர்க்கு இரு செய்திகள். 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறத்தாழ 2,000 பொருள்கள் திருட்டும் சேதமும் கண்டது வெளியாயிற்று. அவற்றுள் பல, முறையாகப் பதிவு பெறாதவை. பட்டியலில் இல்லாத பொருள் காணாமற்போனால் கண்ணீர் விடவும் ஆளில்லை! அதன் பிறகே, எஞ்சிய 24 இலட்சம் பதிவுகளை ஐந்தாண்டில் ஏற்றிச் செம்மை செய்வோம் என்று அறிவித்தார்கள்.

மற்றது நம் மண்ணின் செய்தி. கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயிலில் இருந்த திருமங்கை ஆழ்வார் செப்புத்திருமேனி, 1967-இல் இலண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு விலைபோயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பிலோ 1957-இல் கோயிலிலேயே எடுத்த நிழற்படம் இருந்தது. 2019-இல் ஓர் ஆய்வாளர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். 2024 மார்ச்சில், திருப்பித் தர இசைந்தது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். அதைக் கடவுள் என்று கும்பிடுபவன் இருக்கலாம். கலை என்று வியப்பவன் இருக்கலாம். நம்மைப்போல் மக்கள் சொத்து என்று கேட்பவனும் இருக்கலாம். மூவருக்கும் வழக்காடக் கிடைத்த சான்று ஒன்றுதான்: ஊர்ப்பெயரோடு பாதுகாக்கப்பட்ட, பார்க்கக் கிடைத்த ஒரு படம்.

நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டோம். மத்திய பண்பாட்டு அமைச்சகத்துக்காகப் புனேயின் சீ-டாக் நிறுவனம் 'ஜதன்' என்ற மென்பொருளைச் செய்து தந்தது. அதைக்கொண்டு தேசிய இணைய வாயில் ஒன்று எழுந்தது. தில்லி, கல்கத்தா, ஐதராபாத், அலகாபாத், மும்பை, பெங்களூர், கோவா, நாகார்சுனகொண்டா எனத் தொடக்கத்தில் இணைந்தவை பத்து. இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்றான எழும்பூர் அந்தப் பத்தில் இல்லை. மாநிலத்தின் உடைமை, மத்தியின் பட்டியலில் வரவில்லை என்பார்கள். விதி அதுவாகவே இருக்கட்டும். அந்த வாயிலை நாமே கட்டிக்கொள்ளத் தடை விதித்தது யார்?

கட்டும்போது, பெயர் வைக்கும் உரிமையை மக்களுக்கும் பங்கிடுங்கள். 2005 அளவில் அமெரிக்க அருங்காட்சியகங்கள் சில கூடி, 'ஸ்டீவ்' என்ற பெயரில் ஒரு சோதனை நடத்தின. கலைப்பொருளைக் காட்டி, பார்ப்போர் மனத்தில் தோன்றும் சொற்களை எழுதச் செய்தன. வந்த சொற்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அருங்காட்சியகக் குறிப்புகளில் இல்லாதவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தேடுதற்குப் பயன்படுவன என்று அருங்காட்சியகத்தாரே ஒப்பினர். குயவருக்குப் பானையின் உறுப்புப் பெயர் தெரியும். கன்னாருக்கு வார்ப்பின் பக்குவம் தெரியும். அவர்களிடம் கேட்காமல் எழுதிய பட்டியல், பாதி எழுதிய பட்டியல்.

அரசு முன்வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கோபாலபுரத்திலிருந்து பாந்தியன் சாலை நடக்கும் தொலைவுதான். நான்கு தோழர்கள், ஆளுக்கொரு குறிப்பேடு, ஒரு கூடம். பலகையில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒரு பக்கம், அதற்கு நம் ஊரில் வழங்கும் பெயர் மறுபக்கம், தெரியாததற்குக் கேள்விக்குறி. எந்த நாளும் போகலாம், வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறையும் நீங்கலாக.