அறிவும் அவையும்: ‘பண்டிதர்’ முதல் ‘படிப்ஸ்’ வரை

திறவுச்சொற்கள்: பட்டப்பெயர், பொருள் மாற்றம், அவையஞ்சாமை, ரசிகமணி டி.கே.சி., நெல்லை வழக்கு

முன்னுரை

அறிவு குறைந்தவரை இழித்துரைக்கும் சொற்களும், அறிவிருந்தும் பிறரோடு கலந்து பழகாதவரைக் கேலி செய்யும் சொற்களும் தமிழ்ப் பேச்சு வழக்கில் அருகருகே வழங்குகின்றன. இரண்டையும் ‘வசைச்சொற்கள்’ என ஒரே வகையில் அடக்குவது பொருளாய்வுக்கு உதவாது. அச்சன்புதூர், தென்காசி, குற்றாலம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய நெல்லை வழக்கில் ‘கூமுட்டை’ என்பது கூழ்முட்டையின் திரிபு. குஞ்சு பொரிக்காமல் கெட்டுப்போன முட்டையைப் போல் உள்ளே ஒன்றுமில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. ‘கோட்டி’ என்பது சித்தம் பிறழ்ந்தவரைக் குறித்துப் பின்னர் உரிமையோடு கடிந்துகொள்ளும் சொல்லாகவும் ஆயிற்று. மாணவர் வழக்கிலுள்ள ‘படிப்ஸ்’, ‘பழம்’ ஆகியவையோ ஒருவருடைய அறிவை மறுப்பதில்லை. அவர் கூட்டத்தோடு சேரவில்லை என்பதையே குறையாகச் சொல்கின்றன. இவ்விரண்டாம் வகையே இங்கு ஆய்வுக்குரியது.

கற்றும் கல்லாதவர்

இவ்வகைக் குறையைத் திருக்குறள் பல இடங்களில் பேசுகிறது. உலகத்தோடு பொருந்தி நடக்கத் தெரியாதவர் பல நூல்களைக் கற்றிருந்தும் அறிவிலாதவரே என்கிறது ஒழுக்கமுடைமை. மக்கட்பண்பு இல்லாதவரின் கூர்மையை அரத்துக்கும், அவரை மரத்துக்கும் ஒப்பிடுகிறது பண்புடைமை. கற்றதைப் பிறர் உணர எடுத்துரைக்க இயலாதவரை மணமில்லாப் பூங்கொத்தாகக் காட்டுகிறது சொல்வன்மை. அவைக்கு அஞ்சுபவனின் நூலறிவு போர்க்களத்தில் கோழையின் கையிலுள்ள வாளுக்கு நிகராகிறது அவையஞ்சாமையில்.

இவற்றைத் தொகுத்து ‘ஆளுமை வளர்ச்சி’ மேடைகளில் முழங்குவது இன்று பெருவழக்கு. ஆனால் சொல்வன்மையும் அவையஞ்சாமையும் பொருட்பாலில் அமைச்சனுக்குரிய தகுதிகளைப் பேசும் பகுதியில் அமைந்தவை. அரசவையில் பேசவேண்டியவன் வாய்மூடி இருந்தால் நாடு இழப்புக்குள்ளாகும். அங்கே கூச்சம் ஒரு பணிக்குறை. அதை எல்லா மாணவருக்கும் உரிய குணக்குறையாக விரிப்பது இடமறியாத பொருள்கோள். ஒழுக்கமுடைமையும் பண்புடைமையும் எல்லார்க்கும் பொது என்பது உண்மை. எனினும் அவை குறிப்பது கூச்சத்தையன்று, பிறர்மீதான அக்கறையின்மையை.

ஒரு மதிப்புச்சொல்லின் இறக்கம்

ஆங்கிலத்தில் ‘நெர்டு’ என்னும் சொல் 1950இல் வெளிவந்த டாக்டர் சூஸின் சிறுவர் நூலொன்றில் ஒரு விசித்திர விலங்கின் பெயராக அச்சேறியது. ‘கீக்’ கேளிக்கைக் கூடாரத்தில் அருவருப்பான வித்தை காட்டியவனைக் குறித்திருந்தது. இரண்டும் கீழிருந்து ஏறிக் கணினித் துறையின் செழிப்போடு பெருமிதப் பெயர்களாயின. தமிழில் ‘பண்டிதர்’ நடந்தது எதிர்த்திசையில். தென்காசி வட்டாரத்துச் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்து, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரின் பெயரில் அச்சொல் மருத்துவத்தையும் புலமையையும் ஒருங்கே சுட்டிய மதிப்புப் பெயர். அடுத்த சில பத்தாண்டுகளில் அதே சொல் சுவையுணராமல் இலக்கணம் பேசுபவரைக் குறிக்கும் கேலியாகவும் ஒலிக்கத் தொடங்கியது.

இம்மாற்றத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் (மறைவு 1954) பங்கு பெரிது. திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியும், பிற்காலக் குற்றால வாழ்க்கையும் கவிதையை அனைவர்க்கும் உரிய இன்பமாக்கின. கம்பனை அவர் பாடிக் காட்டக் கேட்டுத் தமிழுக்கு வந்தவர் பலர். அக்கொடையைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. ஆயின் ரசிகர் என்னும் பெயர் உயர்வதற்குப் பண்டிதர் என்னும் பெயர் தாழவேண்டியிருந்தது. கம்பராமாயணத்தின் பெரும்பகுதியை இடைச்செருகல் என அவர் ஒதுக்கியபோது, ‘இதற்குச் சுவடிச் சான்று உண்டா’ என்பது நேரிய வினா. அதைக் கேட்டவர் பண்டிதராகிவிட்டமையால் வினாவுக்கு விடை தேவைப்படவில்லை. பட்டப்பெயரொன்று வாதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதைக் கல்விப் பின்னணி வேறுபாடாகவும் விளக்க இயலாது. டி.கே.சி.யைப் போலவே, 1926இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப்பிள்ளையும் நெல்லையர், சட்டம் பயின்றவர். வேறுபாடு உழைப்பின் தன்மையில் உள்ளது. ஒருவர் வட்டத்தில் அமர்ந்து பாடியவர். மற்றவர் சுவடிகளை ஒப்புநோக்கியவர். பின்னையது தனிமையில் நிகழும் பணி. தனிமையைச் சுவையின்மையாகப் படித்தது அக்கால ரசனைத் திறனாய்வின் பிழை என்றே கொள்ளவேண்டும்.

‘படிப்ஸ்’, ‘பழம்’

இப்பிழை வகுப்பறையில் இன்றும் தொடர்கிறது. ‘படிப்பு’ என்பதோடு ஆங்கிலப் பன்மை ஒலி சேர்ந்து ‘படிப்ஸ்’ ஆயிற்று. ‘மாம்ஸ்’ என்பதும் இவ்வாறு பிறந்ததே. செயலின் பெயர் ஆளின் பெயராகும்போது, அவருக்கு வேறு அடையாளம் இல்லை என்பது பெறப்படும். ‘பழம்’ புகை, மது, காதல் எதிலும் ஈடுபடாத ஆணைக் குறிக்கிறது. பெண்ணை அவ்வாறு அழைப்பது அரிது. அடக்கம் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் இயல்பு. ஆணிடம் அது கேலிக்குரிய விலகல். எனவே இச்சொல் அறிவைவிட ஆண்மை பற்றிய எதிர்பார்ப்பையே மிகுதியாகப் பேசுகிறது. ‘வெகுளி’யின் வரலாற்றையும் இங்கு எண்ணலாம்: தொல்காப்பியத்தில் சினத்தைக் குறித்த மெய்ப்பாடு, இன்று சூதறியாதவரின் பெயர். உணர்ச்சியை மறைக்கத் தெரியாமை இரு பொருள்களுக்கும் பாலமாக இருந்திருக்கலாம்.

‘நெர்டு’ என்பதை ‘மேதாவி’ எனவோ ‘புத்தகப்புழு’ எனவோ பெயர்ப்போர் இந்தச் சமூக அடுக்குகளை இழக்கின்றனர். ‘மேதாவி’ பேச்சில் பெரும்பாலும் செருக்கைக் குத்திக்காட்டும் சொல். ‘படிப்ஸ்’ சுட்டுபவரிடம் செருக்கு இருக்கவேண்டியதில்லை. அச்சன்புதூர் போன்ற பேரூரிலிருந்து பேருந்தேறி நகரக் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவர் நூலகத்தில் தங்குவது, பல வேளைகளில், வீட்டில் மேசையும் நூல்களும் இல்லாமையால். உணவகத்தில் கூடிப் பேசுவதற்கும் காசு வேண்டும். அவருடைய ஒதுக்கம் இயல்பா, வசதியின்மையா என்று பட்டப்பெயர் கேட்பதில்லை. தேர்வுக்கு முந்தைய நாளில் மட்டும் அப்பெயரிலிருந்து கேலி நீங்கிவிடுகிறது. நகலகத்தில் வகுப்பு முழுமைக்கும் படியெடுக்கப்படுவது அவருடைய குறிப்பேடுதான்.