அகலம் எவ்வளவு?

தொட்டி செய்யக் கொடுக்கப் போனால் கடையில் முதலில் கேட்பது “எத்தனை அடி?” என்றுதான். நாலடி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. நாலடி என்றால் நீளம். உயரத்தையாவது சிலர் விசாரிப்பார்கள். அகலத்தை ஒருவரும் கேட்பதில்லை. அது ஓரடி, மிஞ்சிப்போனால் ஒன்றேகால் அடி என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்க்கிறவர்களுக்கு அது பெரிய குறை இல்லை. கடல் தண்ணீர் ஊற்றப்போகிற தொட்டிக்கு அந்தக் கேட்கப்படாத அளவுதான் உயிர். இதை எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

என்னுடையது நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். பன்னிரண்டு கன அடி, விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 340 லிட்டர். 1909-இல் மெரினாவில் நாட்டின் முதல் மீன் காட்சியகத்தைத் திறந்தவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. புளியங்குடிக்காரனான எனக்குத் தூத்துக்குடிக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாக லோடு ஆட்டோவில் இருபது லிட்டர் கேன் பதினேழு ஏற்றிவந்துதான் முதல் தடவை நிரப்பினேன். இப்படிச் சுமந்து கொண்டுவந்த தண்ணீரை எந்த வடிவத்தில் நிறுத்துவது என்ற யோசனை எனக்குச் சின்ன விஷயமாகப் படவே இல்லை.

அந்த வடிவத்தை எனக்குக் காட்டியவர் ஒரு கண்ணாடிக்கடை அண்ணாச்சி. ஜன்னலுக்கும் சாமி படத்துக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். கடல் மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணாடி தெரியும், தண்ணீர் தெரியும். நான் நாலுக்கு ஒன்று, உயரம் இரண்டு என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். சீட்டைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸை எடுத்து, கடைத் தரையில் நாலுக்கு ஒன்று வரைந்தார். அதன் மேலேயே நாலுக்கு இரண்டு வரைந்தார். “தம்பி, ரெண்டுலயும் நின்னு பாருங்க. எதுல திரும்ப முடியுது?” என்றார். ஓரடிக் கட்டத்துக்குள் என்னால் பக்கவாட்டில்தான் நிற்க முடிந்தது. “மீனுக்கும் அப்படித்தான இருக்கும்” என்று சொல்லிவிட்டு, வந்திருந்த வேறு ஆளுக்குச் சட்டம் அடிக்கப் போய்விட்டார்.

அன்று அவர் சொல்லாத ஒன்றைத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கண்டேன். முன் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது தண்ணீர் தன் ஆழத்தில் கால் பங்கைத் தின்றுவிடும். வாளியில் கிடக்கும் காசு மேலேறித் தெரிகிற அதே ஒளிவிலகல்தான். ஓரடி அகலத் தொட்டி பார்வைக்கு ஒன்பது அங்குலம். அதில் பாறையை வைத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? சுவரில் மாட்டிய காலண்டர் போல ஒரு படம். இரண்டடி என்றால் கண்ணுக்கு ஒன்றரை அடி கிடைக்கிறது. அந்த ஒன்றரை அடிக்குள் முன், நடு, பின் என்று மூன்று தூரங்கள் பிரிகின்றன. பின்னால் இருக்கும் பொருள் லேசாக நீலம் பாய்ந்து, விளிம்பு மங்கித் தெரியும். கடலை நினைவூட்டுவது அந்த மங்கல்தான். எவ்வளவு விலை கொடுத்து விளக்கு வாங்கினாலும் அது வராது.

பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் இல்லாத தொட்டியில் கொலுப்படி மாதிரி பின் கண்ணாடியில் சாய்த்துத்தான் அடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடாது. அழுக்கு அங்கேயே தங்கி நைட்ரேட் ஏறும். இரண்டடி இருந்தால் பாறை நடுவில் தீவாக நிற்கும், சுற்றிலும் தண்ணீர் ஓடும். என்னிடம் ஒரு ஜோடி சேபே கிளவுன் உண்டு. பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் கிளவுன் மீனைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிராவிட்டால் நமக்குக் கடலில் பிடித்த மீன்தான் கதி. பெட்டை சாயங்காலத்தில் பாறையின் இடப்பக்கமாக நுழையும். மூன்று நான்கு நொடி ஆள் காணாது. பிறகு வலப்பக்கத்தில் முதலில் அந்த மஞ்சள் வால் தெரியும், ஏனென்றால் அது பின்னோக்கி வருகிறது, ஆண் மீனைப் பார்த்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டே. இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மூன்று நான்கு நொடியைத்தான். மீன் மறைவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் அது வெளியே வருவதற்கு அர்த்தம் உண்டு.

உயரமான தொட்டிதான் அழகு என்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. வரவேற்பறையில் அது கம்பீரமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, அகலம் எவ்வளவு கூடினாலும் முன் கண்ணாடிக்குப் பாரம் கூடாது. நாலடி நீளக் கண்ணாடியை ஒன்றரை அடித் தண்ணீர் ஏறக்குறைய 130 கிலோ பலத்தோடு தள்ளுகிறது. உயரத்தை இரண்டடியாக்கினால் அதுவே 230 கிலோ. அரையடிக்காக நூறு கிலோவை சிலிக்கான் கூட்டின் தலையில் ஏற்றுகிறோம். தரை வரை கைவிட்டுச் சுத்தம் செய்யத் தோள்வரை நனைய வேண்டும் என்பது தனி.

இன்னொன்று மூச்சு. சம அளவு தண்ணீரில், நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீருக்குள் கரையும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏறினால் இன்னும் குறையும். அதே பன்னிரண்டு கன அடியை இரண்டுக்கு இரண்டுக்கு மூன்று என்று தூணாக நிறுத்தினால் காற்று படுகிற பரப்பு நான்கு சதுர அடி. என் தொட்டியில் எட்டு. சித்திரை மாதத்து மத்தியானம் கரண்ட் போய், தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கர் நிற்கும்போது இந்த எட்டுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம்தான் மீனின் ஆயுள். ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-இல், வடிகட்டி எதுவும் இல்லாமல் கடல் பாறையும் கடல் நீரும் மெல்லிய காற்றுக் குமிழியும் கொண்டே தொட்டி நடத்தலாம் என்று எழுதினார். பரப்பின் அருமையை அப்படிப்பட்ட தொட்டி வைத்தவனிடம்தான் கேட்க வேண்டும். கடல்குதிரைக்கு உயரம் வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான். ஆனால் 2001-இலேயே கடல்குதிரையும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போய்விட்டன. நம் வீடுகளில் அந்த வாதத்துக்கு இடம் இல்லை.

ஓரடிக் கனசதுரத் தொட்டிக்காரர்களோடு நான் சண்டை போடுவதில்லை, அவர்கள் உழைப்பாளிகள். 25 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் ஆயிரத்துக்கு 35-ஆக இருந்த உப்பு ஏறக்குறைய 36.5 ஆகிவிடும். என் தொட்டியில் அதே ஒரு லிட்டருக்கு முள் அசையாது. தினம் இரண்டு வேளை உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரோடு நிற்கப் பொறுமை உள்ளவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். 2003-இல் நீமோ படம் வந்த பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் கிளவுன் கேட்டு வருகிற பெற்றோர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

எனக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் திருச்செந்தூர்தான் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் பாத யாத்திரை போனவர்களோடு போயிருந்தேன். கடல் உள்வாங்கி, பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரிந்தன. இடையில் கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு ஒரு பள்ளம். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அதற்குள் கோடு போட்ட சிறுமீன்கள் ஏழெட்டு, ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தன. கல்லுக்குப் பின்னால் போனவை திரும்பி வரும் வரை நான் நகரவில்லை. ஈர வேட்டியோடு அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிணற்றை எட்டிப் பார்க்கிற பார்வை வேறு, குளக்கரையில் உட்கார்ந்து பார்க்கிற பார்வை வேறு. நான் குளத்துக்காரன்.

இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் சுவருக்குள் பதித்துத் தொட்டி கட்டுகிறார்கள். அகலம் ஒன்பது அங்குலம்! சுவர் அவ்வளவுதானே இருக்கும். டிவி மாதிரி இருக்கும் என்று பெருமையாக வேறு சொல்கிறார்கள். வளைந்த கண்ணாடி ரெடிமேட் தொட்டிகள் வந்துவிட்டன. நடுவில் மீன் உப்பித் தெரியும், ஓரத்தில் நசுங்கித் தெரியும். கூட்டு ஒட்டுகிற வேலையும் கெட்டுவிட்டது. அண்ணாச்சி விளிம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இருபுறமும் டேப் ஒட்டி, சிலிக்கானை மூலையிலிருந்து மூலை வரை ஒரே இழுப்பில் இழுப்பார். இடையில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுவார். கடை முழுக்கக் காடி வாசனை வீசும். ஒரு வாரம் காயவைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, அடியில் தினத்தாள் விரித்து இரண்டு நாள் காவல் இருந்தார். அந்தக் கூட்டில் இன்றைக்கும் ஒரு காற்றுக் குமிழி கிடையாது. போன வருஷம் நண்பர் ஒருவர் வாங்கி வந்த தொட்டியில் கூட்டு நெடுகப் பாசிமணி கோத்ததுபோலக் குமிழிகள். இரண்டாம் மாதம் ஒழுகியது.

அகலத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். வெயில் காலத்தில் மேஜை விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரி குறையும், ஆனால் எட்டுச் சதுர அடிப் பரப்பு தண்ணீரையும் அதே வேகத்தில் குடிக்கும். தினமும் காலையில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுகிறேன். விளிம்பு நெடுக உப்புப் பூக்கும். துணியை நனைத்துத் துடைத்தால் உப்பு போய்விடும், வெள்ளையாக இறுகிய சுண்ணாம்புப் படிவு போகாது. எங்கள் ஊரில் அதற்கு மருந்துக்குப் பஞ்சமா? எலுமிச்சையை இரண்டாக அரிந்து, சாறு உள்ளே சொட்டாமல், அரைமூடியால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகும்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடையும் இல்லை. சென்ற மாதம் வாசுதேவநல்லூரில் உறவுப் பையன் ஒருவன் மரைன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று கூப்பிட்டான். ஹாலில் இடம் காட்டினான். போனில் கடைக்காரரிடம் “நாலடி” என்று சொல்லிக்கொண்டிருந்தவனைக் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன்.

“உள்ள வந்து நில்லுப்பா” என்றேன்.