முற்றிய இலையின் வரலாறு

மலேசியாவின் கேமரன் மலையில் இப்போது விரலால் கொழுந்து கிள்ளுவோரைப் பார்ப்பது அரிது. சரிவு குறைந்த இடங்களில் நிரையின் இருபுறமும் இருவர் நின்று இயந்திரத்தைப் பிடித்தபடி நடக்கிறார்கள். செங்குத்தான இடங்களில் கத்திரிதான். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவர் என்னிடம் இரண்டு தண்டுகளைக் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். ஒன்று டக்கென்று முறிந்தது. மற்றது மடங்கி, நார் விட்டுத் தொங்கியது. “இது முத்திப்போச்சுய்யா. இதப் போட்டா தூள்ல நாருதான் வரும்” என்றார்.

சோவியத் பொருளாதாரத் தேக்கத்தைப் பற்றி நான் படித்த ஆய்வுகளில் இந்த நாரைக் காணவில்லை.

அந்தத் துறையின் பெரிய நூல்கள் வலுவானவை. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 1980இல் எழுதிய பற்றாக்குறைப் பொருளாதார ஆய்வைத் தொடாமல் யாரும் இதைப் பேச முடியாது. நட்டப்பட்டாலும் அரசு காப்பாற்றிவிடும் என்று தெரிந்த ஆலைக்குச் செலவைக் குறைக்கவோ தரத்தைக் கூட்டவோ அவசியம் இல்லை என்பது அவர் காட்டிய அடிப்படை. ரஷ்யப் பிரதமர் பொறுப்பில் இருந்த யெகோர் கைதார், எண்ணெய் விலை வீழ்ச்சியையும் தானிய இறக்குமதியையும் இணைத்துச் சரிவை விளக்கினார். வரலாற்றாசிரியர் ஸ்டீபன் கோட்கின் கண்ணுக்குத் துருப்பிடித்த கனரகத் தொழிற்சாலைகள் பட்டன. வெளியுறவுக் கொள்கை பற்றிய எழுத்துகளும் இதே தடத்தில்தான் செல்கின்றன. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பதிலடியாக 1980இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் விதித்த தானியத் தடை, அதை மறு ஆண்டே அடுத்த அதிபர் ரீகன் நீக்கியது, வணிகத்தால் மாற்றம் வரும் என்று மேற்கு ஜெர்மனி நம்பியது என்று விவாதம் நீள்கிறது. கோதுமை, எண்ணெய், எஃகு, ஏவுகணை எல்லாம் இவற்றில் உண்டு. தேயிலை மட்டும் இல்லை.

சோவியத் வீடுகளில் தேநீர் அன்றாடம். உள்நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி ஜார்ஜியாவில் விளைந்தது. அங்கே திட்ட இலக்கு எடையில் குறிக்கப்பட்டது. கிலோ கூடினால் போதும் என்றால் முற்றிய இலையையும் கூடையில் போடத்தான் தோன்றும். 1960களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் பரவியதும் தண்டும் காம்பும் சேர்ந்தே வந்தன. விளைச்சல் கணக்கு ஏறியது, சுவை இறங்கியது. யானைப் படம் போட்ட மஞ்சள் பொட்டலத்துக்கு மக்கள் அலைந்ததற்குக் காரணம் அதில் இந்திய இலை கலந்திருந்ததுதான். கோர்னாயின் கோட்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பண்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த இந்திய இலை வெளியுறவுக் கொள்கையின் வழியாகப் போனது. 1953இல் கையெழுத்தான வர்த்தக உடன்பாட்டைத் தொடர்ந்து ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் முறை வேரூன்றியது. டாலர் இல்லாத இரு நாடுகளுக்கு அது பெரிய வசதி. இயந்திரமும் ஆயுதமும் வந்தன, தேயிலை போனது. நான் அந்தக் கொள்கையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கேள்வி கேட்காமல் வாங்கும் ஒருவர் நிலையாக இருந்ததால் நீலகிரியிலும் இலையின் தரத்தைக் கவனிக்கும் கட்டாயம் தளர்ந்தது. மாஸ்கோவின் தேக்கம் இப்படித்தான் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து சேர்ந்தது.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1993இல் ரூபாய்–ரூபிள் கடன் கணக்குக்குத் தீர்வு காணப்பட்டு, கடனுக்கு ஈடாகச் சரக்கு கொஞ்ச காலம் போய்க்கொண்டிருந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் பச்சை இலை விலை விழுந்தபோது அடி வாங்கியவர்கள் படுகர் உள்ளிட்ட சிறு விவசாயிகள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களும் அதே மலையில்தான் இருந்தார்கள். அவர்கள் இடம்பெயர்ந்ததும் ஒரு வெளியுறவு முடிவால்தான்.

மலாயாவின் கதை வேறு. இங்கே தேயிலை பெரும்பாலும் உள்ளூர்க் கோப்பைக்கே போகிறது, 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டமும் அப்படித்தான். ஆகவே மாஸ்கோவின் நடுக்கம் கேமரன் மலையில் தெரியவில்லை. கீழே ரப்பர்க் காட்டில் அரசியல் முழு உக்கிரத்தோடு இருந்தது. 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. மறு ஆண்டு தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். 1951இல் ஐ.நா. சீனாவுக்கு மூலோபாயப் பண்டங்களை அனுப்புவதைத் தடை செய்தது. பிரிட்டனின் கீழிருந்த மலாயா கட்டுப்பட்டது. அப்போது ஐ.நா. உறுப்பினராக இல்லாத இலங்கை, 1952இல் ரப்பர் கொடுத்துச் சீனாவிடம் அரிசி வாங்கியது. அமெரிக்க உதவியை இழந்தும் பின்வாங்கவில்லை. மலேசியாவோ, காட்டில் கம்யூனிஸ்டுகளோடு மோதிய நினைவு ஆறுமுன்பே சோவியத்துக்கு ரப்பர் விற்றது. 1974இல் பிரதமர் துன் ரசாக் பீக்கிங் சென்று சீனாவுடன் உறவை நிறுவினார். கொள்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ரப்பர்ப் பால் வெட்டியவர்களில் தமிழர் இருந்தார்கள்.

சோவியத் தேக்கம் பற்றிய ஆய்வில் எழுதப்படாத அத்தியாயம் இந்தத் தேயிலைதான். குன்னூர் ஏலப் பதிவுகளையும் ஜார்ஜியாவின் திட்ட அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து ஒருவர் படிக்க வேண்டும். அதற்குமுன் ரஷ்யச் சரக்கு நின்ற நாளில் ஆலை வாசலில் இலைச் சாக்கோடு காத்திருந்தவர்களிடம் கேட்க வேண்டும். பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

பாட்டி கொடுத்த இரண்டு தண்டுகளும் என் குறிப்பேட்டுக்குள் உலர்ந்து கிடக்கின்றன. நார் விட்ட தண்டு இன்னும் முழுதாக ஒடியவில்லை.